அலசாத டேட்டா

கூட்டல் என்கிற பெண் முறைத்த முறைப்பில் ஒரு கால்குலேட்டர் தன் தப்பை உணர்ந்து விடையை மாற்றிக் காட்டியது. அந்தப் பார்வை அதோடு நிற்காமல் சுவரைத் துளைத்துப் போய், வெளியே நின்றிருந்த ஒருவரின் கைக்கடிகாரத்தையும் சரியான நேரத்துக்குத் திருத்திவைத்தது. சரி, இதில் கொஞ்சம் மிகை உண்டு. கடிகாரத்தை விட்டுவிடலாம். கால்குலேட்டருக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததாக ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் வளர்ந்த ஆண்கள் தங்கள் வீட்டு எண்ணையே மறந்துவிட்டு நின்றது உண்மை. அதில் ஒரு துளி மிகையும் கிடையாது.

அவள் வேலை பார்த்தது தேர்வு அலுவலகத்தின் மறுகூட்டல் பிரிவில். ஆசிரியர்கள் திருத்தி அனுப்பிய விடைத்தாள்களில் மதிப்பெண்களை மறுபடி கூட்டிப் பார்க்கும் பிரிவு அது. ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பாதிவரை சாம்பல் நிறம் பூசிய ஒரு நீள அறை, கட்டுக் கட்டாகத் தாள்கள், ஒரு சிவப்பு மைப் பேனா. பட்டம் பெற்றவர்கள், பட்டத்துக்கு மேல் பட்டம் பெற்றவர்கள், ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்று எழுதிக் கீழே கம்பீரமாகக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். முதல் வருடம் அவள் அதிர்ந்தாள். இரண்டாம் வருடம் சிரித்தாள். அதற்குப் பிறகு மனித குலத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை மெல்ல வடிந்து, அடியில் ஒரு கசடு மாதிரி அலட்சியம் மட்டும் தங்கிவிட்டது. அலுவலகத்தில் அவளுக்குக் கூட்டல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களையும் அவள் மதிக்கவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது; வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் மண் டாக்டர்.

அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகையில் அவரே எழுதிக்கொண்டது. அதற்கு முன்னால் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றார். அப்போது நீர் நிபுணர். அதற்கும் முன்னால் இன்வெர்ட்டர் விற்றார். அப்போது என்ன நிபுணராக இருந்தார் என்று கேட்டால் மின்சாரம் வெட்கப்படும். எந்தத் தொழிலுக்குப் போனாலும் முதல் வேலையாகப் பலகை எழுதுவார், இரண்டாவது வேலையாகச் சட்டைப் பையில் குத்திக்கொள்ளப் பேனா வாங்குவார், மூன்றாவது வேலை என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. கடைசியாக ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு வண்டியோடு திரும்பி வந்தார்.

மண்ணை உணரும் வண்டி. டிராக்டரின் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். அடியில் வட்ட வட்டமாக இரும்புத் தட்டுகள் இருக்கும். அவை மண்ணைக் கீறிக்கொண்டே போகும்போது ஒரு தட்டு லேசாக மின்சாரம் விடும், இன்னொரு தட்டு அதைப் பிடிக்கும். மின்சாரம் மண்ணுக்குள் எவ்வளவு சுலபமாகப் போகிறதோ அவ்வளவு பெரிய எண். நொடிக்கு ஓர் எண், அதோடு அந்த எண் எடுத்த இடம் எது என்று ஜிபிஎஸ் சொல்லும் விவரம். எல்லாம் வரி வரியாக ஒரு பெட்டிக்குள் சேரும். பெட்டியிலிருந்து பென்டிரைவில் இறக்கி, கணினியில் ஏற்றினால், நிலம் முழுவதும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வரைபடம் வரும். எங்கே என்ன போடலாம், எங்கே எவ்வளவு உரம் வைக்கலாம் என்று நிலத்துக்காரர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.

"நம்பர் ஏறினா மண்ணுல சத்து ஏறுதுன்னு அர்த்தம்" என்பார் மண் டாக்டர். பயிற்சியில் காலைப் பாதியில் கற்றுக்கொண்டது அது. பிற்பகல் பாதியில் அவர் வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நிலத்தில் வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்கும், வரப்பில் ஆள் நின்று பார்த்தால் ரொம்பவே பிடிக்கும். டேட்டா என்ற சொல்லை அவர் சொல்வதைக் கேட்டால் டேட்டா அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது போல இருக்கும். ஆனால் அந்த டேட்டாவைத் திறந்து பார்ப்பது மட்டும் தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தார். மாலையில் வந்ததும் சாக்ஸைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போடுவார், பென்டிரைவை மேசைக்கு மேலே போடுவார். கூட்டல் இரண்டையும் எடுப்பாள். இரண்டையும் அலசித்தான் திருப்பித் தருவாள். இரண்டிலுமே அவர் எங்கெங்கே போய்வந்தார் என்பது தெரியும்.

மண்ணைப் பற்றிக் கூட்டலுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவளைப் பொறுத்தவரை மண் என்பது செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவது. ஆனால் வரிகளைப் பற்றித் தெரியும். கோப்பைத் திறந்ததும், விடைத்தாளில் எந்தப் பக்கத்தில் ஆசிரியருக்குத் தூக்கம் வந்தது என்று கண்டுபிடிப்பது போல, எந்த வரியில் மண் டாக்டர் தன் குணத்தைக் காட்டினார் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

வயலின் கோடியில் வண்டியைத் திருப்பும்போது தட்டுகள் மேலே எழும்பும். அப்போது அவை மண்ணைத் தொடுவதில்லை, ஆனால் கருவி அசராமல் எண் எழுதும், பூஜ்யத்துக்குக் கீழே போய்க்கூட எழுதும். அவற்றை அழிப்பாள். வேலை முடிந்தும் பதிவை நிறுத்தாமல் சாலையில் வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். வரைபடத்தில் நிலத்துக்கு நீளமாக ஒரு வால் முளைத்திருக்கும். வாலை வெட்டுவாள். நடுவில் தேநீர்க் கடை முன்னால் நின்றிருப்பார். அங்கே எண்கள் ஈ மொய்த்தது போலக் குவிந்து கிடக்கும். ஈயை ஓட்டுவாள். ஒருமுறை அவர் ஏதோ ஒரு பொத்தானை ஆர்வத்தில் அழுத்தித் தொலைத்ததில் அட்சரேகைப் பத்தியும் தீர்க்கரேகைப் பத்தியும் இடம் மாறி, ஒருவருடைய முட்டைக்கோஸ் தோட்டம் நடுக்கடலில் போய் விழுந்தது. கூட்டல்தான் அதைக் கரையேற்றினாள், ஒரு முட்டைக்கோஸ்கூட நனையாமல்.

இதையெல்லாம் அவள் அவரிடம் சொன்னதே இல்லை. திருந்துவார் என்று தோன்றுகிறவர்களிடம்தான் தப்பைச் சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. அதைவிட, சொல்லாமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. விருந்தினர் முன்னால் அவர் வரைபடத்தை விரித்து, "எப்படி, கண்ணாடி மாதிரி இல்ல?" என்று கேட்கும்போது, அவள் தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டே உள்ளுக்குள் அவரைக் கூட்டி, கழித்து, கீழே ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்வாள். கணினிக்கு அவள் வைத்திருந்த கடவுச்சொல்லே அவருடைய பெயரும் அதன் பின்னால் ஒரு பூஜ்யமும்தான். தன் பெயரைப் பார்த்து அவர் பூரித்துப் போனார். பூஜ்யம் எதற்கு என்று கேட்கவில்லை.

இப்படி எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கூட்டலின் அப்பா நிலத்தைப் பிரிக்கிறேன் என்று கிளம்பினார்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கூட்டல். இளையவளைச் சின்னவள் என்பார்கள். சின்னவள் வேதியியல் படித்தாள், ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தில் நாற்று வளர்க்க வந்துவிட்டாள். தக்காளி, மிளகாய், கத்தரி, பூக்கோசு என்று தட்டுத் தட்டாக நாற்று. நிலத்தின் பின்பாதியில் மோட்டார் அறை, அதை ஒட்டி நிழல்வலை கட்டிய கூடாரம், அதற்குள்தான் அவள் பிழைப்பு. சுற்றுப்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் நாற்று வாங்கினார்கள். கூட்டலுக்குத் தங்கையின் மேலும் பெரிய மதிப்பு கிடையாது. நகத்தில் எப்போதும் கறுப்பு, பேச்சில் எப்போதும் எருவின் மணம், அதைவிடக் கொடுமை, நாற்றுகளோடு பேசுவாள்.

அப்பா எடைமேடைக்காரர். லாரிகளைச் சரக்கோடும் சரக்கில்லாமலும் நிறுத்தி எடை போட்டே தலை நரைத்தவர். அளவுநாடாவை அவர் நம்ப மாட்டார்.

"பாதிப் பாதின்னு கயிறு கட்டிப் பிரிச்சிரலாம். ஆனா அது நீளம்தானே, எடை இல்லையே?" என்றார் அவர் பெண்களிடம். "ஒரு பக்கம் நல்ல மண்ணா இருந்து, இன்னொரு பக்கம் சொத்தையா இருந்தா? நடுவுல கோடு போட்டுக்கலாம். மாப்பிள்ளை மெஷினை விட்டு ரெண்டு பக்கத்தையும் எடை போடட்டும். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குறைச்சிக்கலாம், லேசான பக்கத்துக்கு அதைக் குடுத்துரலாம். முன்பாதி பெரியவளுக்கு, பின்பாதி சின்னவளுக்கு. சம்மதமா?"

"என் கூடாரத்து மேல கை வைக்காம எதை வேணா எடை போடுங்க" என்றாள் சின்னவள். "மோட்டாரும் கூடாரமும் இல்லைன்னா நான் அக்கா ஆபீசுக்குத்தான் கூட்டல் போட வரணும்."

"உன்னைச் சேத்துக்க மாட்டாங்க" என்றாள் கூட்டல். "அங்க கை கழுவிட்டு வரணும்."

அளந்த அன்று மண் டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முன்பாதியில் ஆள் இல்லை, அதனால் அதைச் சீக்கிரம் ஓட்டி முடித்தார். பின்பாதிக்கு வந்ததும் விதைக் கடைக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் வேலியோரம் வந்து நின்றார்கள். டாக்டருக்கு இது போதும். மோட்டார் அறைக்குப் பக்கத்தில், குழாய் ஒழுகி எப்போதும் ஈரமாய்க் கிடக்கும் மூலையில் டிராக்டரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, வண்டியின் மேல் ஏறி நின்று பிரசங்கம் தொடங்கினார். மண்ணின் ஆன்மா என்றார். செயற்கைக்கோள் என்றார். விதைக் கடைக்காரர் கொட்டாவி விட்டதை ஆச்சரியத்தில் வாய் பிளந்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் விரிவாகப் பேசினார். பேச்சின் நடுவில் மேகம் வந்து, கேட்டுவிட்டு, பெய்யாமலே போய்விட்டது. என்ஜின்தான் அணைந்திருந்ததே தவிர, கருவிக்குச் சொந்த பேட்டரி உண்டு. அது தன் தட்டுகளை ஈர மண்ணுக்குள் ஊன்றிக்கொண்டு, நொடிக்கு ஒரு வரி, நொடிக்கு ஒரு வரி என்று அதே இடத்தை எழுதிக்கொண்டே இருந்தது.

பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்த கூட்டல் கருவியின் மேல் கண் சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்தாள். சரி, சாயங்காலம் ஓட்ட வேண்டிய ஈ இன்று அதிகம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஆனால் அன்று மாலை மண் டாக்டர் பென்டிரைவை மேசையில் போடவில்லை. உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"இதை நீ தொடக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"நீ அந்த வீட்டுப் பொண்ணு. உன் பேர்ல ஒரு பாதி வரப்போகுது. நீ டவுன்லோடு பண்ணினேன்னு தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தத் தடவை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாம் நானே பண்றேன்."

"நீங்களேவா?"

"ஏன், எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாளா நீ என்ன பெரிசா பண்ணிட்டே? ஏத்துறே, ஒரு பொத்தானை அமுக்கறே, மேப் வருது."

கூட்டல் நாற்காலியை விட்டு எழுந்தாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பென்டிரைவைத் தலைகீழாகச் செருகும் சத்தம். திருப்பிச் செருகும் சத்தம். மறுபடியும் தலைகீழ். பிறகு அதட்டல்: "கடவுச்சொல்லை மாத்திட்டியா?" மாற்றவில்லை, பூஜ்யத்தை விட்டுவிட்டீர்கள் என்றாள். பிறகு ஏதோ ஒரு கட்டம் திறந்து, இந்த வரிகளைச் சரிபார்க்க வேண்டுமா என்று கணினி கேட்டிருக்க வேண்டும். "வேண்டாம், வேண்டாம்" என்று அவர் அதற்கு வாய்விட்டே பதில் சொன்னார்.

மறுநாள் காலை அப்பா வீட்டுக் கூடத்தில் நாலு பேரும் கூடினார்கள். மண் டாக்டர் டிவியில் லேப்டாப்பை மாட்டியிருந்தார். சோபாவில் அப்பா, தரையில் சின்னவள், கதவோரம் நாற்காலியில் கூட்டல். திரையில் நிலம் விரிந்தது. முன்பாதி மஞ்சள். பின்பாதியிலும் பெரும்பாலும் மஞ்சள்தான், ஆனால் மோட்டார் அறை மூலையில் மட்டும் கரும்பச்சையாக ஒரு பெரிய திட்டு. சாலைப் பக்கம் வழக்கமான வால்கூட வெட்டப்படாமல் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வால் என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டார் அப்பா.

"அது... ரோட்டோட சத்து மாமா" என்றார் மண் டாக்டர். கூட்டல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப மெயின் விஷயத்துக்கு வருவோம்" என்று அவரே தொடர்ந்தார். "மேப் எல்லாம் சும்மா பார்வைக்கு. எடைன்னா சராசரிதான். முன்பாதியோட எல்லா வரியையும் கூட்டி, வரி எத்தனையோ அதால வகுத்தாச்சு. பின்பாதிக்கும் அப்படியே. பின்பாதி நம்பர் முன்பாதியை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதாவது அங்க மண்ணு அவ்வளவு வளம். மாமா சொன்ன நியாயப்படி பின்பாதியைக் குறைக்கணும். எவ்வளவு குறைக்கணும்னு கணக்குப் போட்டேன். கோடு இங்க வருது."

திரைக்குக் கிட்டே போய் விரலால் கோட்டை இழுத்தார். விரல் மோட்டார் அறையைத் தாண்டியது, நிழல்வலைக் கூடாரத்தையும் தாண்டியது, அதற்கும் அப்பால் ஒரு குறுகிய பட்டையைச் சின்னவளுக்கு விட்டுவிட்டு நின்றது.

சின்னவள் தரையிலிருந்து எழுந்துவிட்டாள். "அத்தான், அது என் கூடாரம். என் தட்டு அத்தனையும் அங்கதான் இருக்கு."

"நான் என்னம்மா பண்றது? நானா சொல்றேன்? டேட்டா சொல்லுது."

"கூடாரத்தைப் பிரிச்சுத் தூக்கிட்டுப் போக அது என்ன குடையா? மோட்டார் உங்க பக்கம் வந்துட்டா நான் தண்ணிக்கு உங்க வாசல்ல வந்து நிக்கணுமா?"

"நிக்கவே வேணாம். குழாய் போட்டுக் குடுத்துர்றேன். அங்க நான் மண் மருத்துவமனைன்னு ஒரு கட்டடம் கட்டப்போறேன், உனக்கும் அதுல ஒரு வேலை போட்டுத் தர்றேன்." பலகைக்கு எழுத்து எந்த நிறம் என்பதுவரை அவர் முடிவு செய்திருந்தது முகத்தில் தெரிந்தது.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்னவள் முகத்தைப் பார்த்தால் அவள் பிழைப்பே போகிறது. ஆனால் எடை என்று சொன்னது அவரே. வாழ்நாள் முழுவதும் எடைச்சீட்டில் வந்த எண்ணை ஒருவருக்காகவும் மாற்றாதவர். "எடைன்னு வந்துட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கூட்டலுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கரும்பச்சைத் திட்டு வேறொன்றும் இல்லை, மண் டாக்டரின் பிரசங்கம். அவர் நின்று பேசிய ஒவ்வொரு நொடியும் ஒரு வரியாகி, அத்தனையும் ஒரே ஈர மூலையின் எண்ணாகி, பின்பாதியின் சராசரியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தால் போதும், மோட்டாரும் தண்ணீரும் நிலத்தின் பெரும்பங்கும் அவள் பெயருக்கு வந்து சேரும். தங்கை மேல் உருகுகிற ரகமும் இல்லை அவள். நாற்றுகளோடு பேசுகிறவள் எங்கே போனாலும் பேசிப் பிழைத்துக்கொள்வாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நல்லவள் என்று பெயர் வாங்க அவள் அங்கே வரவில்லை.

வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் மண் டாக்டருக்குத்தான் வாயை மூடத் தெரியாதே.

"சந்தேகமே வேணாம் மாமா" என்றார் அவர், பேனாவைச் சரிசெய்துகொண்டு. "இது வரைக்கும் நான் எடுத்த டேட்டாவுல ஒரு வரி தப்பு வந்ததில்லை. நம்ம கை அப்படி. நான் எடுத்தா எப்பவுமே சுத்தம்."

சுத்தம்!

கடல் நடுவிலிருந்து தூக்கி வந்த முட்டைக்கோஸ் எல்லாம் கூட்டலின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. வெட்டிப் போட்ட வால்களைக் கோத்தால் அந்த வீட்டை ஏழு சுற்று சுற்றலாம். நிலம் போனால் போகட்டும், மோட்டார் போகட்டும், இந்த ஒரு சொல்லை அவள் விடுவதாக இல்லை. எழுந்து போய் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீ தொடக் கூடாது!" என்றார் டாக்டர்.

"தொடல. தட்டறேன்" என்றாள். "அப்பா, இங்க பாருங்க. முன்பாதியில எத்தனை வரி? இவ்வளவு. பின்பாதியில எத்தனை? அதைப் போல மூணு மடங்கு. ரெண்டும் ஒரே அளவு நிலம், ஒரே வண்டி, ஓட்டினதும் ஒரே ஆளு. எப்படி மூணு மடங்கு வந்துச்சு?"

"பின்பாதியில மண்ணு ஜாஸ்தியா இருக்கும்" என்றார் டாக்டர்.

"ஏங்க, சும்மா இருங்க." வரிகளைத் திரையில் ஓடவிட்டாள். ஒரே இடம். அடுத்த வரி, அதே இடம். அதற்கடுத்தது, அதே இடம். திரை நிறைய, பக்கம் பக்கமாக அதே இடம். "இது பூரா உங்க மாப்பிள்ளை விதைக் கடைக்காரருக்குப் பிரசங்கம் பண்ணின நேரம். மண்ணோட ஆன்மா இந்த வரியில ஆரம்பிக்குது பாருங்க. செயற்கைக்கோள் இங்க. இந்த இடத்துலதான் நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அதுக்கப்புறமும் முடிக்கல."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் எடைமேடையில் ஏமாற்றுக்காரனைப் பிடித்த முகமாக மாறியது.

"அதாவது, ஒரே லாரியை மேடையில நிறுத்தி வச்சு நூறு தடவை எடை போட்டு, நூறு லாரி வந்துச்சுன்னு சீட்டு எழுதியிருக்கீங்க."

"மாமா, அது மெஷின் எழுதினது..."

"மெஷினை அணைக்க உங்களுக்குக் கை இல்லையா மாப்பிள்ளை? வாய்க்குத் துணைக்குக் கையும் பேசிட்டிருந்துதா?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மண் டாக்டர், பலகை எழுத ஆள் வந்துவிட்டானா என்று பார்ப்பவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டல் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. சுட்டியால் வாலைப் பிடித்து வெட்டினாள். வண்டி திரும்பிய இடங்களில் தட்டு எழும்பிய வரிகளைத் துடைத்தாள். கடைசியாக அந்தக் கரும்பச்சைத் திட்டைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்து, மொத்தமாக அழித்தாள். விடைத்தாளில் சிவப்பு மையால் அடிக்கும்போது அவள் முகத்தில் வருகிற அந்த நிம்மதி வந்தது. மறுபடி கூட்டினாள், வகுத்தாள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் எண் ஒரு நூலளவுகூட வித்தியாசம் இல்லாமல் வந்து நின்றது.

"சமம்" என்றார் அப்பா. அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். "நடுவுல போட்ட கோடு நடுவுலேயே இருக்கட்டும். கூடாரமும் மோட்டாரும் சின்னவளுக்கு."

"இப்ப சொல்லுங்க, இதுதான் சுத்தம்" என்றாள் கூட்டல், கணவருக்கு மட்டும் அல்ல, அறைக்கே. பெரும்பங்கு நிலம் கையை விட்டுப் போனது அவளுக்கு அந்தக் கணத்தில் உறைக்கவே இல்லை. அவ்வளவு இனிப்பாக இருந்தது.

சின்னவள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிட்டே வந்து, கறுத்த நகத்தால் அழிந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"அக்கா, இங்க இருந்தது பூராவும் அத்தானோட பேச்சு இல்ல. நிக்கிறதுக்கு முன்னாடி இந்த மூலையில வண்டி மேலயும் கீழயும் ஒழுங்கா ஓடுச்சு, நான் பாத்துட்டுதான் இருந்தேன். அந்த வரியையும் சேத்து வழிச்சுட்டே. அதுலயும் நம்பர் ஜாஸ்திதானே இருந்துச்சு?"

கூட்டல் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து, நின்ற வரிகளை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தாள். ஓடிய வரிகள் நாலைந்து வரிசை மிஞ்சின. அவற்றிலும் எண் பெரியதுதான். நிஜமான எண். அவள் காது லேசாகச் சிவந்தது. மறுகூட்டல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து சரியான விடையை அடித்ததாக யாரும் அவளிடம் விரல் நீட்டிக் காட்டியதில்லை.

"ஜாஸ்திதான்" என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அப்ப உன் பக்கம் கொஞ்சம் வளம்தான். நீயே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டே. கோடு உன் பக்கம் கொஞ்சம் நகரும்."

"எந்த ஊர் வளம்?" சின்னவள் சிரித்தாள். "நம்ம போர் தண்ணி உப்பு. குழாய் ஒழுகி ஒழுகி, தண்ணி காஞ்சு, உப்பு மட்டும் அங்கேயே தங்கிடுச்சு. வெயில் அடிச்சா வெள்ளையாப் பூத்துக் கிடக்கும். உப்புல மின்சாரம் ஜோராப் போகும், அதான் நம்பர் எகிறுது. அங்க நான் வச்ச நாத்து ஒண்ணுகூடப் பொழைக்கல. அதைச் சேத்து எடை போட்டா என் பக்கம்தான்பா லேசு. கோடு அக்கா பக்கம் போகணும்."

அப்பா கூட்டலைப் பார்த்தார். கூட்டல் மண் டாக்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் வெந்து சாம்பலாகியிருக்க வேண்டும், ஆனால் அவர் அப்படிப்பட்ட பொருளால் செய்யப்படவில்லை. ஜன்னலை விட்டுத் திரும்பி, பேனாவைச் சரிசெய்துகொண்டு, மாமனார் பக்கம் வந்தார்.

"பாத்தீங்களா மாமா, நம்ம மெஷினை! உப்பைக்கூடக் கண்டுபிடிச்சிருச்சு."

"மெஷின் எங்க அத்தான் கண்டுபிடிச்சுது?" என்றாள் சின்னவள். "அது ஒரு நம்பர் சொல்லுச்சு. நீங்க அதை வளம்னீங்க, அக்கா அதைக் குப்பைன்னா. உப்புன்னு சொன்னது நான்."